நீல நாற்காலியைத் தாங்கியவர்கள்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினொன்றாம் நாள், சனிக்கிழமை. மேகமூட்டம், கீழைக்காற்று வீசியது, மழை இல்லை. அன்று எங்கள் ஊர் சபாபதி நூலகத்தில் ஓவியக் கண்காட்சி. கட்டடம் நூற்றிருபத்தெட்டு ஆண்டுப் பழைமை உடையது. ஆகவே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஓவியங்களைப் பார்வையால் மட்டுமே மாட்டலாம். நூலக உறுப்பினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஓவியம் சுவரில் நிற்கும். பார்வையை எடுத்தால் விழும். விழுந்ததை மீண்டும் மாட்ட இயலாது. இமைக்க விதி இடம் தருகிறது, தும்மத் தருவதில்லை.

என் பழைய மாணவி மங்கையர்திலகம், பக்கத்தில் தையற்கடை வைத்திருப்பவள், ஐம்பத்தோராம் வயதில் முதன்முதலாக ஓர் ஓவியம் தீட்டியிருந்தாள். நீலப் பிளாஸ்டிக் நாற்காலி; வேறொன்றும் இல்லை. மாலை நான்கு மணிக்குத் தேர்வுக்குழுத் தலைவர் வரும்வரை அது சுவரில் நின்றால், ஓராண்டுக்கு அங்கேயே இடம். வரைந்தவரின் பார்வைக்குப் பிடிமானம் கிடையாது என்பதால், காலை பத்து மணி முதல் நான் தாங்கினேன். எதிர்ச்சுவரில் இருந்த புலியைப் பதினேழு பேர் தாங்கினர். ஒருவர் போதும். ஆயினும் புலியை விட்டு வர எவரும் இசையவில்லை.

“கழுத்து வலிக்குதா டீச்சர்?”

“வலிக்கிறது. மறைக்காமல் நில்.”

மூன்றே முக்காலுக்கு நூலகர் தணிகாசலம், ஊழியர் என்பதால் உறுப்பினர் ஆக இயலாதவர், பழைய பதிவேடு ஒன்றைத் தட்டினார். தூசி என் மூக்கில் ஏறியது.

“அடக்கிக்குங்க டீச்சர், இன்னும் கால்மணி நேரம்தான்” என்றார் அவர்.

செய்தித்தாள் மேசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் கோமதிநாயகம் இருந்தார். மங்கையர்திலகம் அவரிடம் ஓடினாள்.

“ஐயா, ஒரு நிமிஷம் இந்த நாற்காலியப் பாருங்களேன்.”

“நான்தான் உட்கார்ந்திருக்கேனே தாயி. நாற்காலிய நிக்கிறவன்தான் பார்ப்பான்.” அவர் பக்கத்தைப் புரட்டினார்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தும்மினேன். இரண்டு முறை. கண்ணைத் திறந்தபோது ஓவியம் சுவரில் இருந்தது.

அருகில் நிறுவனர் சபாபதியின் படம் உண்டு. விதி வருமுன்பே ஆணியில் மாட்டியது. கைத்தடியுடன் நின்றபடி எப்போதும் வாசலைப் பார்ப்பவர், இப்போது நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவர் வந்தார்.

“யார் தாங்குறது?”

“நிறுவனர்” என்றார் தணிகாசலம்.

“உறுப்பினரா?”

“ஒண்ணாம் நம்பர். இன்னும் ரத்தாகல.”

தலைவர் கையொப்பமிட்டார். மங்கையர்திலகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்ப வேற பக்கம் பாருங்க டீச்சர்” என்றாள்.

பின்னர் நிகழ்ந்தவை இவை. திங்கட்கிழமை நான் அந்த நாற்காலியைப் பார்க்கப் போனேன். நான் பார்ப்பதை உறுதிசெய்துகொண்ட நிறுவனர், கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டத்தைத் தாண்டி வந்து நாற்காலியில் அமர்ந்தார். எடை கூடியதால் ஓவியம் ஒரு சாண் இறங்கியது. கோமதிநாயகம் செய்தித்தாளை மடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், அது நின்றது. அன்று முதல் அதைத் தாங்க இருவர் தேவைப்படுகின்றனர். திங்களும் புதனும் எங்கள் முறை. கோமதிநாயகம் கண்ணை எடுக்க முடியாது என்பதால், நிறுவனரே செய்தித்தாளை வாங்கி எங்களுக்கு உரக்க வாசிக்கிறார். அவருடைய உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.