பொய்ப்பெயர்களை அடிக்கும் வேலை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சிரித்தவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வட இங்கிலாந்தில், போல்ட்டனில் பல் மருத்துவருக்காகக் காத்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் "மிஸ்டர் ஷஃபிள்பாட்டம்" என்று கூப்பிட்டாள். இருபத்தாறு வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்பளித் தொப்பியோடு எழுந்த கிழவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை, பழகிப்போன சலிப்புதான் இருந்தது. அடுத்தது என் பெயர். அந்தப் பெண் முதல் இரண்டு எழுத்துகளைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டாள். நானே எழுந்து நின்றேன். கிழவர் சிரிக்கவில்லை.

அன்று மாலை நூலகத்தில் எதையோ தேடப்போய் 1848ஆம் ஆண்டின் பட்டியலில் போய் விழுந்தேன். அந்த ஆண்டில் பிறந்த பெரியவர்கள், இறந்த பெரியவர்கள், ஓடிப்போன மன்னர்கள். பாரிஸில் அரசர் ஓடினார். வியன்னாவில் அமைச்சர் ஓடினார். லண்டனில் ஏப்ரல் மாதம் உழைப்பாளிகள் வாக்குரிமை கேட்டுப் பெரிய மனு ஒன்று கொடுத்தார்கள். கையெழுத்துகள் சொன்ன கணக்கில் பாதிகூடத் தேறவில்லை, பொய்ப்பெயர்கள் வேறு என்று எண்ணியவர்கள் அறிவித்தார்கள். நாடே சிரித்தது.

அதுவரை வரலாறு. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"ஐரோப்பா முழுவதும் அரியணைகள் ஆட்டம் கண்டுகொண்டிருந்த அந்த ஆண்டில்" (போதும். பள்ளிக்கூடப் பாடம்.)

"லூக் ராம்ஸ்பாட்டம் வண்டியின்மேல் ஏறி நின்று, கூட்டத்தை நோக்கித் தன்" (இதுவும் வேண்டாம். வீரர்களை நான் எழுதினால் சிலையாகிவிடுகிறார்கள். சங்கதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். லூக் வடக்கே லங்காஷையர் மலைப்பக்கத்துத் தறிக்காரன். வாக்குரிமை கேட்டு வண்டிமேல் நின்று பேசினான். பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விழுந்தது. அவன் மனைவி டேமரிஸ் வீடு வீடாகப் படியேறி, ஒரு கருணை மனுவில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கி லண்டனுக்கு அனுப்பினாள். கப்பல் புறப்படுவது வியாழக்கிழமை.)

"திங்கட்கிழமை பிற்பகல் அந்த மனு ஜே. ஷெல்டனின் மேசைக்கு வந்தது."

இது இருக்கட்டும்.

3

ஷெல்டன் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அதையும் நானேதான் கட்டினேன்.) மனுக்களில் பொய்ப்பெயர்களைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் அடிப்பது அவன் வேலை. முந்நூறு பெயர் தேறினால் மனு மேலே போகும், இல்லாவிட்டால் கட்டிக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். ஏப்ரலில் நாடு சிரித்ததிலிருந்து தலைமை எழுத்தர் க்ரோசருக்கு ஒரே பயம், அடுத்த சிரிப்பு தன் தலையில் விழுந்துவிடுமோ என்று. அந்தப் பயம் மேசை மேசையாக இறங்கி ஷெல்டனின் மேசையிலும் வந்து உட்கார்ந்திருந்தது.

அவன் முதல் தாளைப் பிரித்தபோது பக்கத்து மேசை பிர்ச் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.

"அட, ராம்ஸ்பாட்டமாம். கிடாவோட குண்டி! இங்க பாருய்யா, விண்டர்பாட்டம். பனிக்காலக் குண்டி. இவன் யாரு, ஷஃபிள்பாட்டமா? ஆட்டிக்கிட்டே நடப்பான் போல."

அறை முழுக்கச் சிரித்தது. ஷெல்டனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்களே.

க்ரோசர் வந்து தாளை எடுத்துப் பார்த்தார். குடித்துவிட்டு எவனோ விளையாடியிருக்கிறான் என்றார். அந்த மாதிரிப் பெயர்களையெல்லாம் அடித்துவிட்டு, மீதி எத்தனை என்று நான்கு மணிக்குள் சொல்லச் சொன்னார்.

ஷெல்டன் எண்ணினான். 'பாட்டம்' என்று முடியும் பெயர்கள் நூற்று எண்பத்தேழு. அவற்றை அடித்தால் மிஞ்சுவது இருநூற்று இருபத்தைந்து.

அவை பொய்ப்பெயர்கள் அல்ல என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த மலைகளில் 'பாட்டம்' என்றால் பள்ளம். கிடா மேய்ந்த பள்ளம், பனிக்காலத்தில் ஆடு ஓட்டிய பள்ளம், ஆடு கழுவிய ஓடைப் பள்ளம். பள்ளத்தில் இருந்தவர்களுக்குப் பள்ளத்தின் பெயர். லண்டனுக்கு வந்ததும் பள்ளம் பிட்டமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? ஜே. என்றால் ஜேபஸ். ஷெல்டன் என்பது அவன் லண்டன் வந்த முதல் வாரத்தில், வாடகை அறைக்காரி சிரித்த சிரிப்பைத் தாங்கமாட்டாமல், தனக்கே வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்தது ஜேபஸ் ஷஃபிள்பாட்டம்.

4

இவனை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டுமுறை கதையிலிருந்து தூக்கிவிடப் பார்த்தேன். டேமரிஸின் கதையாக எழுதலாமே, அவள் எவ்வளவு மேல் என்று தோன்றியது. ஆனால் பேனாவை எடுத்தால் இவன்தான் வந்து உட்காருகிறான். ஏனென்று எனக்குத் தெரியும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். என் பெயர் குஞ்சிதபாதம். தில்லையில் தூக்கி நிற்கிற திருவடியின் பெயர் அது. எங்கள் ஊரில் அந்தப் பெயருக்குக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சென்னையில் கல்லூரி வருகைப்பதிவில் ஆசிரியர் அதைப் படித்த காலையில் அறுபது பேர் சிரித்தார்கள். "டேய் குஞ்சு" என்ற குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் புனைபெயரில். இந்த ஊர் அலுவலகத்தில் நான் கென். பாதம், பாட்டம். ஓசை ஒத்துப்போவது தற்செயல்தான், நான் செய்த வேலை இல்லை.)

சரி, மணி மூன்றேகால்.

ஜேபஸ் சிவப்பு மையைத் தொட்டு அடிக்கத் தொடங்கினான். ஒரு ராம்ஸ்பாட்டம். இரண்டு விண்டர்பாட்டம். பதவி போனால் எங்கே போவான்? கலகக்காரர்களின் ஊர்க்காரன் என்று தெரிந்தால், அதுவும் இந்த ஆண்டில், யார் வேலை கொடுப்பார்கள்? ஏழாம் தாளில் டேமரிஸ் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தியிருந்தாள்.

"யார் பேரையும் நான் எழுதலீங்க ஐயா. அவங்கவங்க கையால போட்டது."

சீட்டுக்குக் கீழே ஒரு கையெழுத்து. சைலஸ் ஷஃபிள்பாட்டம். இரண்டு சொல்லிலும் முதலெழுத்தான எஸ் இடவலமாகத் திரும்பிக் கிடந்தது.

அவன் அப்பா அந்த எழுத்தை ஆட்டுக்கு மை முத்திரை போடும் இரும்பைப் பார்த்து எழுதக் கற்றவர். இரும்பில் எழுத்து திரும்பித்தானே இருக்கும். எழுத்துக்கூட்டத் தெரிந்த வயதில் ஜேபஸே அதைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். அப்பா கோபப்படவில்லை.

"ஆட்டுக்குத் தெரியுதுடா, அது நம்ம எழுத்துன்னு. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்."

பதினொரு வருடமாக அவன் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டதில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதே அந்தத் திரும்பிய எழுத்தைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் எழுதவில்லை.

5

முடிவுகள்.

(அ) அவன் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். க்ரோசர் கண்கலங்கி, லூக்கைக் கப்பலிலிருந்து (நானே நம்பவில்லை.)

(ஆ) அவன் அப்பாவின் பெயரையும் அடிக்கிறான். ஓய்வூதியம் வாங்கி, எழுபத்தோராம் வயதில், நல்ல பெயரோடு (நம்புகிறேன். அதனால்தான் எழுதப் பயமாக இருக்கிறது.)

(இ) யாருக்கும் தெரியாமல் எண்ணிக்கையை மாற்றி (இல்லை. பிர்ச் மறுபடி எண்ணுவான். தப்பிக்க வழி தேடுவது அவனில்லை, நான்.)

மணி நான்கு. க்ரோசர் மேசையருகே வந்து நின்றார். "எத்தனை தேறும் ஷெல்டன்?"

பேனா அப்பாவின் பெயருக்குமேல் நிற்கிறது. ஜேபஸ் நிமிர்ந்தான்.

"ஐயா, இது பொய்ப்பேரு இல்லீங்க. எனக்குத் தெரியும். என் பேரும்..."

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அவன் பெயரைச் சொன்னால் அறை சிரிக்குமா என்பதைப் பொறுத்துத்தான் மீதி. சிரித்தால் மனு வேடிக்கையாகிவிடும், வியாழக்கிழமை லூக் கப்பலில் ஏறுவான். ஒருவரும் சிரிக்காவிட்டால், அது பெயர்தான் என்று ஆகிவிடும்.

அந்த அறையில் பிர்ச்சும் க்ரோசரும் மட்டும் இல்லை. அந்தக் குண்டிப் பகுதியைப் படித்தபோது நீங்களும் உள்ளே வந்துவிட்டீர்கள். சிரித்தீர்களா என்று கேட்கமாட்டேன். அடிக்குறிப்பில் என் பெயருக்குச் சிரித்தீர்களா என்றும் கேட்கமாட்டேன். வாய் திறந்தபடி அவன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறாமல் சொல்ல முடிந்தால், மனுவின் கடைசித் தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. நானூற்றுப் பதின்மூன்றாவதாக என் பெயரை நான் போட்டுவிடுகிறேன். எனக்குக் கீழே நீங்கள்.

குஞ்சிதபாதம்