கண்ணுவின் கரகரப்பு

பரமநாதனுக்குக் கை சும்மா இருக்காது. ஊரில் எத்தனையோ பேருக்கு வாய் சும்மா இருப்பதில்லை. அதனால் வருகிற கேட்டை எப்படியாவது சமாளித்துவிடலாம். இவருடைய கை ஒருத்தன் வாழ்க்கையையே திருத்திவிட்டது. கெடுத்துவிட்டது என்று யாராவது முகத்துக்கு நேராகத் திட்டியிருந்தால் மனுஷனுக்கு ஆறுதலாகவாவது இருந்திருக்கும். அதுவும் நடக்கவில்லை.

வீடு பினாங்குத் தீவில், கெலுகோரில். வேலை பாயான் லெப்பாஸில், ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியின் பரிசோதனைப் பிரிவில். வரிசையாக வருகிற சாமானை மீட்டரில் பார்ப்பார். அளவுக்குள் இருந்தால் பாஸ். இம்மி தள்ளியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர், ரிஜெக்ட். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அடித்தல் திருத்தல் இல்லாததுதான் வேலை என்று சொல்லியே வளர்த்தார். மனைவி யோகலட்சுமி சுடுகிற தோசை கொஞ்சம் கோணினால்கூட இவர் முகத்தில் சிவப்பு ஸ்டிக்கர் தெரியும்.

அய்யாக்கண்ணு அதே பேக்டரியில் ஸ்டோரில் இருந்தான். கடலுக்கு அக்கரையில் பைராம் தோட்டத்துக்காரன். மோட்டார் சைக்கிளை பெரி படகில் ஏற்றித் தினமும் தீவுக்கு வருவான். வேலை முடிந்தால் கிட்டார். நோர்மா என்கிற மலாய்ப் பெண் பாடுகிற ராக் கோஷ்டியில் அவன்தான் கிட்டார்க்காரன். அங்கே அவன் பெயர் கென்னி. பரமநாதனுக்கு மட்டும் கண்ணு. கூடப் பிறந்த தம்பி இல்லாத குறையை அவனை வைத்துத் தீர்த்துக்கொண்டார் என்றே சொல்லலாம்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, அம்ப், அதை வெளிநாட்டிலிருந்து வாங்குகிற காலமா அது? நாமே செய்வோம் அண்ணே என்று கண்ணுதான் ஆரம்பித்தான். கலர் டிவி வந்து, ஜனங்கள் பழைய வால்வு டிவிகளைத் தெருவில் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்த சமயம். அவற்றைப் பிரித்து, திரையில் படத்தை அகலமாக இழுத்துப் பிடிக்கிற பெரிய வால்வுகளைக் கழற்றிக்கொண்டு வந்தான். அவை பாட்டுக்குப் பிறந்தவை அல்ல. இருந்தாலும் சக்தி இருக்கிறதே என்று அவற்றை வைத்தே பரமநாதன் சர்க்யூட் படம் வரைந்தார். கிட்டார் சத்தத்தைப் பெருக்க முன்னால் இரண்டு கட்டம் போதும். கண்ணு பிடிவாதமாக நாலு கேட்டான். டிரான்ஸ்பார்மர், தோட்டத்தில் படம் காட்டுகிற வேனில் கிடந்த பழைய ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அந்த வால்வுகளுக்கு முன்னால் அது எலிக்குட்டி மாதிரி, பாவம். ஈயம் வைத்ததெல்லாம் கண்ணு, ஒரே மூச்சில், அவசர அவசரமாக.

போட்டதும் பெட்டி அலறியது பாருங்கள், பக்கத்து வீட்டு நாய் அன்றைக்கு முழுக்கக் கட்டில் அடியைவிட்டு வெளியே வரவில்லை. பரமநாதன் சத்தத்தின் அலையைத் திரையில் காட்டுகிற ஸ்கோப்பில் பார்த்தார். அலை ஒரு பக்கம் மொட்டையாக வெட்டப்பட்டு, மறுபக்கம் கோணிக் கிடந்தது. சுத்த ரிஜெக்ட், பிரித்துத் திரும்பச் செய்வோம் என்றார். கண்ணு கேட்கவில்லை. அடித் தந்தியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டான். அழுது அழுது தொண்டை கட்டிப்போனவன் பாடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அது ஓயவில்லை. நீண்டு, நீண்டு, கடைசியில் மெல்லியதாக வேறொரு குரலாக மாறி மேலே ஏறியது. கண்ணு பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பரமநாதனும் பிரிக்கிற பேச்சை விட்டுவிட்டார். நன்றிக்கடனாகக் கண்ணு அதன் முகப்பில் வெள்ளைப் பெயின்டால் ‘பரமா’ என்று ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதிவைத்தான். அங்கேதான் வினை உட்கார்ந்துகொண்டது.

பிறகு சில வருஷம் அந்தக் கரகரப்பு பினாங்கில் பேர் வாங்கியது. பாடாங் கோத்தாவில் ஒரு கச்சேரிக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த கேசட் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, பாட்டைப் பதிவு செய்யக் கோஷ்டியையே அங்கே கூப்பிட்டார். நோர்மாவின் குரலை விட அவர் அதிகமாகக் கேட்டது கிட்டாரைப் பற்றித்தானாம்: இந்தச் சத்தம் எப்படி வருகிறது, இதே சத்தத்தோடு வாருங்கள். கண்ணு வேலையை விடவே தயாராகிவிட்டான். தோட்டத்தில் அம்மா கோயிலில் அர்ச்சனை வைத்தாள்.

போவதற்கு முன்னால் பெட்டி அடிக்கடி ஃபியூஸ் அடித்தது. சீனப் பெருநாளுக்கு பேக்டரி மூடியிருந்த நேரம் பார்த்து, கண்ணு அதைக் கெலுகோருக்குக் கொண்டுவந்து இறக்கினான்.

“ஃபியூஸ் மட்டும் பாருங்கண்ணே. வேற எதுலயும் கைய வச்சிடாதீங்கலா.”

சரி சரி என்று அவனை அனுப்பிவிட்டார். ஒரு வால்வு செத்திருந்தது. மாற்றினார், ஃபியூஸ் போவது நின்றது. அதோடு மூடியிருக்கலாம். மூடவில்லையே! வெளியே தெருவெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது, வேலை கிடையாது, கை சும்மா இருக்காது. உள்ளே கிண்டியவர் கண்ணில் பட்டது: மூன்றாம் கட்டத்தில் ஒரு ரெசிஸ்டர். சிவப்பு வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு. அதாவது அவர் வரைந்ததற்குப் பத்து மடங்கு. அவசரத்தில் கண்ணு மாற்றிப் போட்டிருக்கிறான். அந்த வால்வு பாதி மூச்சில் கிடந்து, அலையை ஒரு பக்கம் வெட்டி எறிந்துகொண்டிருக்கிறது.

பரமநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதையா கோலாலம்பூருக்கு அனுப்புவது? அங்கே ஸ்டூடியோவில் படித்த இன்ஜினியர்கள் இருப்பார்கள். மூடியைத் திறப்பார்கள். முகப்பில் கொட்டை எழுத்தில் இவர் பெயர்.

யோகலட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள், மேசையில் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள். “பொடியன் தொட வேண்டாம் எண்டவன் எல்லோ? சும்மா கிடக்கிறதை ஏன் நோண்டுறீங்கள்?”

உனக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்லிவிட்டார். ரெசிஸ்டரை மாற்றினார். தாறுமாறாக ஓடிய வயர்களை வரிசையாக அடுக்கிக் கட்டினார். சூட்டில் கருகி முனகிக்கொண்டிருந்த அந்தத் தோட்டத்து டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு, நல்ல பெரியதாக ஒன்றைப் போட்டார். வெளியே வருகிற சத்தத்தில் கொஞ்சம் திருப்பி உள்ளே கொடுத்து, கோணலைத் தானே சரிசெய்துகொள்கிற இணைப்பும் சேர்த்தார். ஸ்கோப்பில் அலை கோலம் போட்ட மாதிரி அழகாக நின்றது. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுக் கேட்டார். அடடா, சீவாளியில் எச்சில் படுவதுகூடக் கேட்டது. பாஸ். கழற்றின பழசையெல்லாம் லோரோங் கூலிட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த காஜா மொய்தீனிடம் போட்டுவிட்டு வந்தார்.

கண்ணு பெட்டியை எடுக்க வந்தபோது வேன் வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. உள்ளேயிருந்து நோர்மா அவசரப்படுத்தினாள். ஃபியூஸ் சரியா என்று கேட்டான். எல்லாமே சரி, அங்கே போய்ப் போட்டுப் பார், அப்புறம் சொல் என்றார் பரமநாதன். அவன் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. சின்னப் பிள்ளை மாதிரி வாசலில் நின்று கையை ஆட்டினார்.

ஸ்டூடியோவில் நடந்ததை நோர்மாதான் பிற்பாடு ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள். கண்ணு தந்தியைத் தட்டினான். டங் என்று சுத்தமாக ஒரு சத்தம் வந்து, உடனே செத்தது. எல்லாத் திருகுகளையும் கடைசிவரை முறுக்கினான். அதே டங். கம்பெனிக்காரர் பொறுமையாகத்தான் இருந்தாராம். பாடாங் கோத்தாவில் கேட்டது எங்கே என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, ஸ்டூடியோவிலேயே இருந்த வேறொரு கிட்டார்க்காரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். கேசட் வந்தது. நோர்மாவுக்குப் பேர் வந்தது. அட்டையில் கென்னி இல்லை.

திரும்பி வந்த கண்ணு பெட்டியை மேசைமேல் வைத்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பரமநாதனுக்கு முதலில் பயமாக இருந்தது.

“உள்ள என்னண்ணே பண்ணீங்க?”

அவர் சொல்ல ஆரம்பித்தார். ரெசிஸ்டர் தப்பாக இருந்ததை, வயரை அடுக்கினதை, டிரான்ஸ்பார்மரை மாற்றினதை. சொல்லச் சொல்லக் குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. தப்பு என்று எதையெல்லாம் பொறுக்கி எடுத்தாரோ அதுதான் அந்தக் குரல். இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில்தான் புரிந்தது.

ரெசிஸ்டர் பிரச்சினை இல்லை. ஆரஞ்சு வளையத்தைத் திரும்பப் போட்டார். தானே சேர்த்த இணைப்பை அறுத்தார். அடுக்கிய வயர்களையும் அவிழ்த்து இஷ்டத்துக்கு விட்டார். கரகரப்பு என்று ஏதோ வந்தது. ஆனால் அது சளி பிடித்தவன் சத்தம், அழுதவன் சத்தம் இல்லை. அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மர் தாங்க முடியாமல் பிழிபட்டதில்தான் மிச்சம் இருந்திருக்கிறது. காஜா மொய்தீனிடம் ஓடினார். அவர் அதை உடைத்து, செம்புக் கம்பியைத் தனியாகச் சுருட்டி எப்போதோ உருக்க அனுப்பியிருந்தார். வேறு தோட்டங்களில், பழைய தியேட்டர்களில் எல்லாம் தேடி எடுத்துவந்து பொருத்திப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட வரும். வராது.

ஒரு நாள் கண்ணுவே நிறுத்திவிட்டான். “விடுங்கண்ணே. சரியானதையே போட்டுக் குடுங்க. மைக்குக்காவது ஆகும்.”

வெறுப்பில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு, அவன் சொன்னபடியே செய்துகொடுத்தார். அதற்கப்புறம் கண்ணு பேக்டரியை விட்டு அக்கரைக்கே போய்விட்டான். பரமநாதனும் தேடிப் போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவது?

தீவுக்குப் பாலம் வந்து, பெரியில் கூட்டம் குறைந்து, பரமநாதன் தலை முழுக்க நரைத்த பிறகு, அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு யோகலட்சுமியோடு போனார். ஓட்டிவந்த கேரேத்தாவை நிறுத்தும்போதே மைக் சத்தம் கேட்டது. வழியை மறித்து நிற்கிற மோட்டார் சைக்கிளின் நம்பரை யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. எவ்வளவு தெளிவு பாருங்கோ என்றாள் யோகலட்சுமி. பரமநாதன் சத்தம் வந்த பக்கம் நடந்தார்.

பந்தலோரம் மேசையில் பெட்டி இருந்தது. வெள்ளைப் பெயின்ட் பாதி உதிர்ந்து, ஆனாலும் ‘பரமா’ என்று படிக்க முடிந்தது. மைக்கின் பின்னால் தொப்பையும் திருநீறுமாகக் கண்ணு. பார்த்ததும் எழுந்து ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அண்ணிக்கு நாற்காலி போடச் சொன்னான். இந்த வட்டாரத்தில் எந்தக் கோயில், எந்தக் கல்யாணம் என்றாலும் இந்தப் பெட்டிதானாம். எங்கே வாங்கினது என்று எல்லாரும் கேட்கிறார்களாம். அண்ணன் பேரைத்தான் சொல்கிறானாம். கிட்டார் எங்கே என்று பரமநாதன் கேட்டார். அது போயிருச்சுண்ணே என்றான், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. கேசட்டில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு, அவர்களுக்குச் சாப்பாட்டு இலை போடச் சொல்ல உள்ளே போனான்.

பரமநாதன் பெட்டியோடு தனியாக நின்றார். கை சும்மா இருக்கவில்லை. திருகைப் பிடித்து மெல்ல மெல்ல முறுக்கினார், கடைசிவரை. எங்காவது ஒரு பிசிறு, ஒரு விரிசல், ஒரு துளி அழுகை இருக்காதா என்று காதைக் கொடுத்தார். சத்தம் பெரிதானதே தவிர, கொஞ்சமும் கலங்கவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் கையோடு சேர்த்துத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தது.

“வராதுண்ணே,” என்றான் கண்ணு. “நானும் எத்தனையோ தடவ முறுக்கிப் பாத்துட்டேன்.”