சராசரி சேர்த்த ஓராண்டு

பழைய கிளப்போடு இருந்த ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலையில் மூத்த மாப்பிள்ளை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மிதந்தார். கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு அது வழக்கம்தான். எந்தக் கிளப்போடும் ஒப்பந்தம் இல்லாதவரைத் தரை பிடித்து வைப்பதில்லை. புதுக் கையெழுத்து விழுந்ததும் தானாக இறங்கிவிடுவார். ஊரில் யாரும் அதை நின்று வேடிக்கை பார்ப்பதில்லை, எத்தனை அடி என்று மட்டும் விசாரிப்பார்கள். இரண்டடியைத் தாண்டினால் கெட்டிக்காரர் என்று பேச்சு. மூன்றடி என்பதால் மாமனார் வீட்டுக் கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். மாமியார் ஸ்டூலில் ஏறி நின்று தேநீர் கொடுத்தார். வெக்கையில் எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டியது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இளைய மாப்பிள்ளை ஒருமுறை அதே மின்விசிறியை அணைக்க மறந்ததை மாமனார் ஒரு வருடம் சொல்லிக்காட்டினார்.

இளைய மாப்பிள்ளைக்கு அந்த ஊர்க் கிளப்பில் புள்ளிவிவர வேலை. எதைக் கேட்டாலும் “சராசரியா பார்த்தா...” என்று ஆரம்பிப்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே சராசரி என்றாகிவிட்டது. மிதக்கிறவர்களில் யாரை எடுக்கலாம், எத்தனை வருடத்துக்கு என்று சொல்வது அவர் பொறுப்பு. அதற்கு முன் கிளப் உயரத்தைப் பார்த்தே ஆளெடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. உயரம் என்பது ஆடி முடித்த ஆட்டத்துக்குக் கிடைத்த பேர், ஆடப்போகிற ஆட்டத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்று அவர்தான் நிரூபித்தார். போட்ட கோல்களை ஒதுக்கிவிட்டு, கோல் விழக்கூடிய இடத்திலிருந்து எத்தனை முறை உதைத்தார் என்று பார்ப்பார். களத்தில் நின்ற நேரம், வயது, காயம் எல்லாவற்றையும் சேர்த்து, கேட்கிற சம்பளத்துக்கு இந்த ஆள் எத்தனை வருடம் தேறுவார் என்று கணக்கிடுவார். அநேகமாகத் தப்பாது.

மூத்த மாப்பிள்ளை அந்தக் கிளப்பிடம் மூன்று வருட ஒப்பந்தம் கேட்டார். கிளப் மேலாளர் அந்தக் கோப்பைச் சராசரியின் மேசையில் வைத்தார். ஒரு வருடம் என்று விடை வந்தது. விழுந்த கோல்களில் பாதி அதிர்ஷ்டம், அடுத்த பருவத்துக்கு மேல் முட்டி தாங்காது. சராசரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவருடைய சொந்தக் கல்யாணத்திலேயே விருந்தினர்கள் மூத்த மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். மேடையில் மாலையோடு நின்றவர் வரிசை கலையும்வரை காத்திருந்தார். அன்று மூண்ட பொறாமை இன்னும் அணையவில்லை. ஆகவே இந்த நிம்மதியே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

“என்னங்க, எவ்வளவு வந்துச்சு?” என்றாள் மனைவி.

“ஒரு வருஷம்.”

“அவ்வளவுதானா! அக்கா மூஞ்சிய நான் பார்க்கணுமே. ஆமா, சரியாத்தானே போட்டீங்க?”

“அதான் தெரியல. கணக்கு போட்டது நானா, என் வயித்தெரிச்சலான்னு.”

“ரெண்டும் ஒரே சம்பளத்துக்குத்தானே உழைக்குது” என்றாள் அவள்.

பெயர்களை மறைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார். அந்த முட்டியை எந்த வரிசையில் வைத்தாலும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு வருடம்தான் வந்தது, ஒவ்வொரு முறையும் மனம் குளிர்ந்தது. கடைசியில் முறைப்படி நடப்பதென்று முடிவு செய்தார். தராசு ஒரு பக்கம் சாய்கிறதென்று தெரிந்தால் மறுபக்கம் கல் வைப்பதுதானே முறை? தன் பொறாமைக்கு ஈடாக ஒரு வருடத்தைக் கூட்டி, இரண்டு வருடம் என்று அறிக்கை கொடுத்தார்.

மூத்த மாப்பிள்ளை கையெழுத்திட்டு, மெதுவாக இறங்கி, காலால் செருப்பைத் தேடினார். முதல் பருவத்தில் ஊரே அவரைத் தோளில் தூக்கியது. இரண்டாம் பருவத்தில் முட்டி போனது. களத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தே முழுச் சம்பளம் வாங்கினார். மேலாளர் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தார்.

“என்னய்யா இது, எல்லாருக்கும் ஒரே கணக்கு. இவருக்கு மட்டும் கடைசியில ஒரு வருஷம் ஒட்டியிருக்கே?”

“அது... பொறாமையில நான் குறைச்சுப் போட்டிருப்பேனோன்னு...”

“பொறாமைப்பட்டா எவனாவது கூட்டிக் கொடுப்பானா? சகலைக்குச் செஞ்சேன்னு நேரா சொல்லு.”

குடும்பமும் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டது. மாமியார் கண்கலங்கினார். சராசரிக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியிருக்கவில்லை. கிளப் வேறு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது.

மறுநாள் காலையில் அவர் தரையைத் தொடவில்லை. அலுவலக வேலை பார்த்தவர் எவரும் அதுவரை மிதந்ததில்லை. அளந்தார்: இரண்டு விரற்கடை. உயரத்துக்கு அர்த்தமில்லை என்று நிரூபித்தவர் அவர்தான். ஆனாலும் அளவுகோலைத் திருப்பி வைத்து இன்னொரு முறை அளந்தார். சேதி கேட்டு மூத்த மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே வந்தார். குனிந்து பாதத்துக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார்.

“எப்படி சகலை? நீங்க பந்தைத் தொட்டதுகூட இல்லையே?” என்றார். அவருக்கும் ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. போகும்போது வாசலில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நல்ல காலை ஊன்றி ஒருமுறை எம்பிப் பார்த்தார்; தொப்பென்று இறங்கினார்.

சராசரி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி பெருக்கிக்கொண்டு வந்தாள். தள்ளி நிற்கும்படி சொல்லவில்லை. துடைப்பத்தை அவர் பாதங்களுக்கு அடியில் விட்டு, அங்கிருந்த குப்பையையும் கூட்டி இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.