இருபது கிராமுக்கு மேல்

"அக்கா, இந்தக் கவர் வெயிட்டா இருக்கு. தனியா வெக்கறப்ப இதோட ஸ்டிக்கரையும் கிழிச்சி கூடவே வெக்கணும்ல?" என்று ஜான்சி கேட்டாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத பெண். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இசைவாணி பதில் சொல்ல வாயெடுத்தாள். பசை ஒட்டிய விரல்கள் கவரின் மேலேயே நின்றன.

முந்தாநாள் அவள் ஸ்டிக்கரைக் கிழித்து வைக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறையில் நடக்கிறது அந்தத் தொழில். வங்கிகளும் சீட்டுக் கம்பெனிகளும் அனுப்புகிற கடிதங்களை மடித்து, கவரில் போட்டு, முகவரியும் பார்கோடும் அச்சான ஸ்டிக்கரை ஒட்டி, பின்கோடு வாரியாகக் கட்டுக் கட்டித் தபாலில் சேர்க்க வேண்டும். இருபது கிராமுக்குள் இருந்தால் ஒரு கட்டணம், தாண்டினால் அடுத்த கட்டணம். கனமான கவர்களைத் தனிக் கட்டாகக் கொடுக்க வேண்டும். வழக்கமாக எல்லாக் கடிதமும் ஒரே எடைதான் இருக்கும், சிக்கலே வராது. முந்தாநாள் வந்தது ஒரு ஸ்கேன் சென்டரின் வேலை. சிதம்பரம், புவனகிரிப் பக்கம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் முகாம் நடத்தி, முடிவுகளை அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்றால் ஒரே தாள். சந்தேகம் இருந்தால் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லும் தாளும் ஒரு சிறு கையேடும் சேர்ந்து இருபது கிராமைத் தாண்டிவிடும். அப்படி ஏழு கவர்கள் இருந்தன. கடிதங்களும் ஸ்டிக்கர்களும் ஒரே வரிசையில் வரும். அந்த ஏழையும் எடுத்து ஓரமாக வைத்தவள், அவற்றின் ஸ்டிக்கர்களைக் கிழித்து வைக்காமலே மற்றவற்றுக்கு ஸ்டிக்கர் சுருளிலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போனாள். முதல் கனமான கவரை எடுத்த இடத்திலிருந்து எல்லா முகவரியும் தள்ளிப் போய்விட்டது. கடைசியில் மிஞ்சிய ஏழு ஸ்டிக்கர்களை அந்த ஏழு கவர்களில் ஒட்டினாள். எண்ணிக்கை சரியாக வந்தது. வந்ததால்தான் யாருக்கும் தெரியவில்லை. வெளியே தெரிந்தால் பெண்களுக்குச் சங்கடம் என்று ஸ்கேன் சென்டர்காரர்கள் கடிதத்துக்குள் பெயர்கூடப் போடவில்லை, முகாம் எண் மட்டும்தான்.

சந்தேகம் இருக்கிற ஏழு பேருக்கு ஒன்றுமில்லை என்று போயிருக்கும். ஒன்றுமில்லாத ஏழு பேருக்கு அந்தக் கையேடு போயிருக்கும். இசைவாணி எழுந்து போய்க் குழாயடியில் நின்றாள். முகம் கழுவப் போனவள் குழாயைத் திறக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி ஞானசேகரனிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான். தீபாவளிக்குச் சேலையோடு ஒரு டப்பா இனிப்பும் கொடுப்பவர். இப்போது அவர் கண்களில் தன் பயத்தையே இசைவாணி பார்த்தாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

"டேலி ஆயிடுச்சில்ல? அப்ப வுட்டுடு. சந்தேகம்னா அவுங்களே போன் பண்ணிக் கேப்பாங்க."

"ஒண்ணும் இல்லன்னு வந்த பொம்பள எதுக்கு சார் போன் பண்ணுவா?"

அவர் மேசையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். "நீ போய் நின்னா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கேஸு கீஸுன்னு வந்தா யாரு பாக்கறது? எம்பேரு மட்டும் இல்ல, உம்பேரும் வரும்."

அவளுக்கும் அதுதான் பயம். போலீஸ் வீட்டு வாசலில் வந்து நிற்பதையும், கணவன் எதுவும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவதையும் நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் கம்ப்யூட்டரில் அந்த ஏழு கடிதங்களின் முகாம் எண்களைத் தேடி, அவை யாருக்கு வர வேண்டியவை, யாருக்குப் போயின என்று பெயரும் ஊரும் குறித்துக்கொண்டாள். தைரியம் வந்து செய்யவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து இன்னொரு கவரை மடிக்கக் கையால் முடியவில்லை, அவ்வளவுதான்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. ஆலப்பாக்கம் போனதும் புதுச்சத்திரம் போனதும் தெரியாது. கண்டக்டர் சில்லறையைக் கையில் வைத்தபோது திடுக்கிட்டுத் தட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்தான் குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள்.

தபால் நிலையத்தில் வினோதினி என்ற அதிகாரி அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். திட்டுவார் என்று இசைவாணி எதிர்பார்த்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சிதம்பரம் டவுன் கட்டு இன்னும் போவல. ஆனா அனுப்பினவுங்க எழுதிக் குடுக்காம நான் திருப்பித் தர முடியாதும்மா. ஒங்க ஓனர்கிட்ட லெட்டர் வாங்கு. அது வர்ற வரைக்கும் ஓரமா வெச்சிருக்கேன்."

"புவனகிரி, மேடம்?"

"அது காலையிலயே போயிடுச்சே. இந்நேரம் குடுத்திருப்பாங்க."

பட்டியல் பின்கோடு வரிசையில் இருந்தது. புவனகிரிதான் கடைசி. கடைசியில் மிஞ்சிய ஏழு ஸ்டிக்கர்களும் புவனகிரிதான். அந்த ஏழு கையேடுகளும் ஏழு வீடுகளுக்குள் போய்விட்டன. உண்மையில் கையேடு வர வேண்டியவர்களில் ஆறு பேர் சிதம்பரத்துக்காரர்கள், ஒருத்தி மட்டும் புவனகிரி. தைலம்மாள், ஐம்பத்திரண்டு வயது.

இசைவாணி வெளியே வந்து ஞானசேகரனுக்குப் போன் செய்தாள். சிதம்பரம் கட்டு நிற்பதையும் புவனகிரிக் கட்டு போய்விட்டதையும் சொன்னாள். அவர், "லெட்டர் போட்டு அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னார். புவனகிரி பஸ் ஏறும்போது குறுஞ்செய்தி வந்தது: ஸ்கேன் சென்டர்ல சொல்லிட்டேன். கத்துறாங்க. சந்தேகம் இருக்கற ஏழு பேரும் நாளைக்கே வரணுமாம். சிதம்பரத்துல அவுங்களே சொல்லிக்கறாங்க, புவனகிரிய நீ பாரு.

தைலம்மாள் வீட்டு வாசலில் நின்று, சொல்ல வேண்டியதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் பாதியிலேயே நின்றன. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தலைக்குக் குளித்து முடியை விரித்து விட்டிருந்தாள். கட்டிலில் ஒரு பெரிய பையும், அதன் மேல் துண்டில் சுற்றிய ஊறுகாய் பாட்டிலும் இருந்தன.

"முகாம்லேருந்து வரியா? வா வா. லெட்டர் வந்துடுச்சி. எதிர்வூட்டு டீச்சர்தான் படிச்சி சொன்னாங்க, ஒண்ணும் இல்லியாம். ரெண்டு மாசமா எனக்குச் சோறே எறங்கலம்மா. இன்னிக்குதான் திருப்பூர்ல இருக்கற எம்பொண்ணுக்குப் போன் பண்ணி, வரேன்னு சொன்னேன். பேத்தி பொறந்து இன்னும் போயே பாக்கல. இரு, டீ போடறேன்."

"டீ வேணாங்க்கா. உக்காருங்க."

தைலம்மாள் உட்காரவில்லை. இசைவாணியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு இசைவாணி சொன்னதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சொல்வது போல இருந்தது. ஸ்டிக்கர் மாறியது, தான்தான் ஒட்டியது, அந்தக் கடிதம் வேறு ஒருத்தியுடையது, சந்தேகம்தானே தவிர முடிவு இல்லை, நாளைக்குக் காலையில் கடலூர் வர வேண்டும். திட்டட்டும், அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். தைலம்மாளின் கை முந்தானைக்கு உள்ளே இடது பக்கம் போனது. அங்கேயே நின்றது.

"அதான் நெனச்சேன்," என்றாள் மெதுவாக. "வேர்க்கடல மாரி ஒண்ணு தட்டுப்படுது. அது எப்புடி ஒண்ணும் இல்லாம போவும்னு நெனச்சேன்."

தெருவில் ஒரு சைக்கிள்காரன் மீன் என்று கூவிக்கொண்டு போனான்.

"என் லெட்டரு யாருக்குப் போச்சி?"

இசைவாணி தாளைப் பார்த்தாள். "செல்லாயி. மேட்டுத் தெரு."

"ஐயோ. முகாம்ல எனக்குப் பின்னாடிதான் நின்னா. ஊசியப் பாத்தாலே அழுவுறவ." தைலம்மாள் ஈர முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். அது இரண்டு முறை அவிழ்ந்தது. "அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. மொதல்ல இங்கதான் வந்தேன்."

"நட. வூடு நான் காட்டறேன்."

மேட்டுத் தெரு வரைக்கும் தைலம்மாள் இசைவாணியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஆறுதலுக்கா, தான் விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை. வெயிலில் அந்தக் கை மட்டும் குளிர்ந்திருந்தது. செல்லாயியின் வீடு தூரத்திலேயே தெரிந்தது. பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது. படியிலும் கீழே மண்ணிலும் நிறைய செருப்புகள் கிடந்தன. உள்ளே பலர் ஒரே நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது, 'ஆபரேஷன்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. ஆனால் அழுகுரல் எதுவும் கேட்கவில்லை.

தைலம்மாள் தன் செருப்பைக் கழற்றி அந்தச் செருப்புகளின் ஓரமாக விட்டாள். கதவைத் தட்டக் கையை ஓங்கியவள் தட்டாமல் நின்றாள். அவளுடைய இன்னொரு கை இசைவாணியின் மணிக்கட்டை விடவில்லை.