மெஷினுக்கு முன்னால் எடுத்த ரத்தம்

தையல்காரிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வார்த்தைகளைக் கத்தரித்துக் கத்தரித்துப் போடுவாள். அன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி டாக்டரிடமும் அப்படித்தான் கேட்டாள்.

"அஞ்சு தடவை மெஷின்ல போட்டீங்க. அஞ்சு தடவையும் சொன்னபடி கேட்டேன். இப்ப ஒத்துவரலைன்னா?"

விஷயம் இதுதான். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. லிப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று முன்வந்தார். ரத்த வகை பொருந்திவிட்டது. ஆனால் அவள் ரத்தத்தில் அவருக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏராளமாக மிதந்தன. மூன்று பிள்ளைகளைச் சுமந்ததில் வந்தவை என்றார் டாக்டர். பிள்ளைகள் அப்பாவின் கூறுகளோடு வயிற்றில் வளர்ந்தபோது, அம்மாவின் உடம்பு அவற்றை அந்நியமாகப் பார்த்து ஞாபகத்தில் வைத்துக்கொண்டதாம். அப்படியே சிறுநீரகத்தை வைத்தால் வந்த வேகத்தில் அதை நாசமாக்கிவிடும். அதனால் ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, அந்த ஆன்டிபாடிகள் கலந்திருக்கும் நீரை மட்டும் பிரித்துக் கொட்டிவிட்டு வேறு திரவம் ஏற்றினார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஐந்து முறை. கடைசி முறை முடிந்ததும் இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சண்டை போடாமல் இருந்தால் ஆபரேஷன்.

"இருபத்தொரு வருஷமா வாயால திட்டினது போதாதுன்னு ரத்தத்துலயும் எழுதி வச்சிருக்கா" என்று மெக்கானிக் நர்ஸ்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாத்தனார் போனில், "எங்க அண்ணன் மேல அவ்வளவு வெறுப்பா அண்ணி?" என்று நிஜமாகவே கேட்டாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல், "ஆமா" என்று போனை வைத்தாள் தையல்காரி.

இப்போது டாக்டர் கையிலிருந்த தாளை மடித்தார். "முதல்ல இருந்த அளவுலேருந்து பெருசா இறங்கலைம்மா. இதுக்கு மேல போறது ஆபத்து. நிறுத்திக்குவோம். இறந்தவங்க கிட்னிக்குப் பட்டியல்ல பேரைப் பதிஞ்சு வைக்கலாம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாள் கணக்கு இல்லம்மா. உங்க உடம்புக்கு ஏத்தது கிடைக்க வருஷக்கணக்கா ஆகலாம்."

தனக்கு அத்தனை வருஷம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்ப இப்போதே படியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

"டாக்டர், இந்த டெஸ்டுக்கு ரத்தம் எப்ப எடுத்தது?"

"அஞ்சாவது தடவை முடிஞ்சதும்."

"இல்ல. மெஷின் போடறதுக்கு முன்னாடி."

"ஏம்மா, அவருக்குத் தெரியாததா?" என்றார் மெக்கானிக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க. சும்மா இருங்க." டாக்டர் பக்கம் திரும்பினாள். "நேத்து காலையில பல்லு தேச்சிட்டு வந்து உட்கார்றேன், லேப்காரர் வந்து கையை நீட்டுங்கன்னார். மெஷின் அதுக்கப்புறந்தான் ஓடுச்சு. சட்டையைப் பிரிச்சுச் சின்னதாக்கச் சொல்லிட்டு, பிரிக்கிறதுக்கு முன்னாடியே அளவெடுத்து 'இன்னும் தொளதொளன்னு இருக்கே'ன்னா நான் என்ன செய்ய?"

டாக்டர் தலைமை நர்ஸைக் கூப்பிட்டார். எடுப்பது லேப் ஆள்தான் என்றாள் அவள். லேபுக்குப் போன் போட்டால், வார்டு தந்த சீட்டில் தேதி மட்டும்தான் இருந்தது, நேரம் இல்லை என்றார்கள். சீட்டு எழுதிய பெண் லீவில் இருந்தாள். ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்ட, தையல்காரி குறுக்கே புகுந்தாள்.

"ரத்தம் பிடிச்ச குழாய் மேல லேப்காரர் நேரம் எழுதினார், டாக்டர். பேனா எழுதலைன்னு என் போர்வையில கிறுக்கிப் பார்த்துட்டுத்தான் எழுதினார். இதோ, பாருங்க."

போர்வை ஓரத்தில் நீலக் கிறுக்கல் இருந்தது. டாக்டர் மறுபடி போனில் பேசி, குழாயைத் தேடச் சொல்லிக் காத்திருந்தார். "ஏழு பத்து" என்றது போன். கட்டில் முனையில் தொங்கிய தாளில், மெஷின் தொடங்கிய நேரம் எட்டு நாற்பது.

டாக்டர் போனை வைத்தார். "மன்னிக்கணும்மா. ஆனா நேத்து முடிஞ்சப்ப எவ்வளவு இறங்கியிருந்ததுன்னு இனி யாருக்கும் தெரியாது. அந்த ஆன்டிபாடி திரும்பவும் ஊறும். நாளைக்கு இன்னொரு தடவை போட்டுத்தான் பார்க்கணும்."

மெஷினுக்காகக் கழுத்தில் குழாய் செருகிய இடம் நேற்று முழுக்க வலித்தது. இன்னும் மூன்று மணி நேரம். "போடுங்க" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லேப்காரர் வந்து நின்றார். "கையை நீட்டுங்கம்மா."

தையல்காரி இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "மெஷின் முடியட்டும்."

"லிஸ்ட்ல ஏழு மணின்னு இருக்கும்மா."

"அப்ப லிஸ்டுகிட்டயே எடுத்துக்கோங்க."

அவர் உதவி கேட்பதுபோல மெக்கானிக்கைப் பார்த்தார். நேற்றுவரை டாக்டரிடம் வாயாடாதே என்று கெஞ்சியவர், ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். "பன்னெண்டு மணிக்கு வாங்க சார். நான் எங்கயும் போகமாட்டேன்."

மெஷின் நின்றது பதினொன்று ஐம்பதுக்கு. அதன்பிறகுதான் அவள் கையை நீட்டினாள். குழாயில் நேரம் எழுதும்வரை லேப்காரரை நகரவிடவில்லை.

சாயங்காலம் டாக்டர் வேகமாக வந்தார். "ஒத்துப்போச்சு. தள்ளிப்போட வேண்டாம், மறுபடி ஏறிடும். நாளைக்குக் காலையிலேயே ரெண்டு பேருக்கும். சார், நீங்க இப்பவே அட்மிட் ஆகணும். அடையாள அட்டை அசலைக் கொண்டுபோய்க் கீழே காட்டுங்க."

மெக்கானிக் சட்டைப்பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுல இருக்கு" என்றார்.

"என்னது?"

"டிவி மேல..."

"ஆறு தடவை என் ரத்தத்தையே பிரிச்சு மாத்தினாங்க. ஒரு அட்டையைப் பையில போட்டுக்கிட்டு வர முடியலையா உங்களுக்கு?"

மெக்கானிக் செருப்பைத் தேடினார். ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை இழுத்து மாட்டிக்கொண்டு மாடிப்படி பக்கமாக ஓடினார்.

"லிப்ட்ல போங்க!" என்று கத்தினாள் அவள். "விழுந்து தொலைச்சுடாதீங்க இப்பப் போய்!"