சனி பார்க்க இரண்டு தொலைநோக்கிகள்

இரத்தினசிங்கத்துக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. இவ்வளவு தொந்தரவு தருகிறவரை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அடுத்த வாரமே தொலைநோக்கி வாங்க முடிவெடுத்தார். எதை வாங்குவது என்பதில்தான் மனைவி செல்வநாயகியோடு ஒத்துப்போகவில்லை.

அவளுக்குக் கணினி வைத்தது வேண்டும். பட்டனை அமத்தினால் கிரகத்தை அதுவே தேடிப்போய் நிற்கும். அவருக்குக் கையால் தள்ளுவது.

"இருவத்திரண்டு வருசம் ஒக்லாந்திலை பஸ் ஓடினனான். எனக்கு ஒருத்தரும் வழி சொல்லத் தேவையில்லை."

"வானத்திலையோ ஓடினனீங்கள்?"

வானியல் கழகம் இரண்டையும் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தது. நவம்பர் மாதம், ஒன்பதரைக்குத்தான் சரியாக இருட்டியது. லின்ஃபீல்ட் வீட்டின் பின்வளவில் இரண்டும் பத்தடி இடைவெளியில் நின்றன.

செல்வநாயகியின் தொலைநோக்கி முதலில் அவளிடமே வழி கேட்டது. கனோபஸ் என்ற நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து பட்டனை அமத்த வேண்டுமாம்.

"இஞ்சாருங்கோ, கனோபஸ் எது?"

இரண்டு மாதமாக நூலகத்து வானியல் புத்தகத்தோடு படுத்து எழும்பிய மனிதருக்கு அது தெரியும்.

"போட்டியெண்டால் போட்டி, நீரே தேடும்," என்றார்.

கண்ணில் பட்ட பிரகாசமான ஒன்றைக் காட்டி, இதுதான் கனோபஸ் என்று இயந்திரத்திடம் சொன்னாள். அது நம்பிவிட்டது. சனி என்று அமத்தியதும் குழாய் உறுமியபடி திரும்பி, தாழ்ந்து, நின்றது. உள்ளே வெள்ளையாக, கலங்கலாக, பெரிதாக ஏதோ தெரிந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால், பக்கத்து வீட்டுப் பிரேம்வதியின் துணிக்கொடியில் வெள்ளைத் துவாய் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்குள் அவர், "ஓடி வாரும், பிடிச்சிட்டன்!" என்று கூப்பிட்டார். அவள் போய்க் கண்ணை வைத்தபோது வெறும் இருட்டு. வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் கிரகம் வெளியே போய்விடும்.

மூன்றாம் தடவையும் அப்படியே ஆனபோது அவருக்கு முகம் விழுந்துவிட்டது. அவளுடைய தொலைநோக்கியடிக்கு வந்தார்.

"அந்தா, தென்கிழக்கிலை கனோபஸ். எங்கட ஆக்கள் அகத்தியர் எண்டு சொல்லுறது அதைத்தான்."

இம்முறை சனி வந்தது. மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை, குறுக்கே மெல்லிய கோடு.

"வளையம் எங்கை? ஊசியாலை குத்தின மாதிரிக் கிடக்கு."

"இந்த வருசம் பக்கவாட்டிலை நிக்குது. போகப்போக விரியும். தள்ளும், நான் பாக்க."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோட்டார் வானத்தோடு சேர்ந்து நகர்ந்ததால் சனி அசையாமல் நின்றது. இருபது நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை. முப்பத்தாறு வருடத்தில் செல்வநாயகி அப்படியொன்றைக் கண்டதில்லை.

வேறு வழியில்லாமல் அவருடைய தொலைநோக்கியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில், கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டியது போல் ஆயிரக்கணக்கில் நட்சத்திரங்கள். அதன் பெயரைக் கேட்டால் அவர் விளக்கம் சொல்லத் தொடங்குவார் என்று கேட்கவில்லை. நழுவ நழுவத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனபோது கழகத்து அபிதா கேட்டாள்: "அங்கிள், எது வாங்கலாம்னு முடிவு பண்ணீங்களா?"

"கொம்பியூட்டர் வைச்சது," என்றார் இரத்தினசிங்கம்.

"கையாலை தள்ளுறது," என்றாள் செல்வநாயகி, அதே நேரத்தில்.

இன்னொரு வாரத்துக்கு இரண்டையும் மறுபடி காரில் ஏற்ற அபிதா உதவினாள்.