கட் சொல்லும் வரை

பொழுது புலர்வதற்குள் நாற்பது கட்டு வைக்கோலையும் கல்குவாரிப் பள்ளத்தில் இறக்கிவிட வேண்டும். முடிச்சூர்க் களத்து வைக்கோல் பனியில் நனைந்து கனத்தது. குப்புராஜுக்குப் பிடரியெல்லாம் அரிப்பு. சினிமாச் சண்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விழுகிறவனுக்குப் படுக்கையைக் கூட்டாளிகளே விரிப்பார்கள். வேறு கையை நம்பமாட்டார்கள்.

போலீஸ் அதிகாரி ஒருவர் ஒற்றராகி, கடத்தல் கும்பலுக்குள் புகுந்து கராத்தேயால் அத்தனை பேரையும் சாய்க்கிற படம் அது. சாய்க்கிறபோது கதாநாயகன், பாறையிலிருந்து விழுகிறபோது மட்டும் சிட்டிபாபு, குப்புராஜின் தங்கை புருஷன். கதாநாயகனுக்குத் தைத்த காக்கிச் சட்டை அவன் ஒட்டிய வயிற்றில் தொளதொளத்தது.

தயாரிப்பாளர் தேவானந்தம் கேமராவில் கண் வைத்துப் பார்த்தார்.

"வைக்கோல் தெரியுது. எடுத்துடுங்க."

"இருபதடி கீது சார்," என்றான் குப்புராஜ்.

"மணல் போதும்யா. வெயில் ஏறிடும்."

"வுடு மச்சான், நான் பாத்துக்கிறேன்," என்று சிட்டிபாபு சிரித்தான். சுமந்த வைக்கோலைக் குப்புராஜே திரும்ப அள்ளினான்.

செத்தவனாகப் படுத்தவன் 'கட்' கேட்கும்வரை அசையக் கூடாது. தொழிலின் முதல் பாடம் அது. பத்தடி தள்ளிக் கும்பல்காரனாகச் செத்துக் கிடந்த குப்புராஜுக்கு, சிட்டிபாபு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல். நல்லாத்தான் நடிக்கிறான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான். படுபாவி, மெச்சிக்கொண்டான். காட்சி நன்றாக வந்துகொண்டிருந்ததால் டைரக்டர் கட் சொல்லவில்லை. சொன்னபோது முனகல் நின்றிருந்தது.

பல்லாவரம் தாண்டுமுன், வேனில் குப்புராஜின் மடியிலேயே உயிர் போயிற்று.

"நீ பக்கத்துலதான இருந்த, அண்ணா?" என்று தங்கை காந்தா கேட்டாள். அந்த ஒரு கேள்வி அவனைச் சோறு தின்னவிடவில்லை.

ஐந்தாம் நாள் காலை, அதே குவாரி. துவைத்துத் தேய்த்த அதே காக்கிச் சட்டையைத் தேவானந்தம் நீட்டினார்.

"எனக்கும் வருத்தம்தான். ஆனா ஷாட்ல அவன் முகம் தெரிஞ்சுபோச்சு. நீ விழு."

காலரில் கறை முழுக்கப் போகவில்லை.

"வைக்கோல் போட்டா விழறேன் சார். கேமராவை நாலடி தள்ளுனா தெரியாது."

"எனக்கே பாடமா? இஷ்டமில்லன்னா போ. கோடம்பாக்கத்துல ஆளுக்கா பஞ்சம்?"

குப்புராஜ் டீக் கிளாசோடு கூட்டாளிகளிடம் போனான். பதினான்கு பேர். "அன்னிக்கு நான் எழுந்திருக்கல," என்றான். "இன்னிக்கும் எழுந்திருக்க வேணாம்."

மூத்தவரான அசரியா தலையசைத்தார். அவர் சம்மதித்தால் எல்லாரும் சம்மதித்த மாதிரி.

முதல் காட்சி, கும்பல் செத்துக் கிடப்பது. கிடந்தார்கள். கதாநாயகன் அவர்களைத் தாண்டி நடந்து போனார்.

"கட்."

ஒருவரும் எழவில்லை.

"கட்டுன்னு சொல்லியாச்சு. எழுந்திருங்கடா," என்று தேவானந்தம் கத்தினார்.

"வைக்கோல் வரட்டும் சார்," என்றார் அசரியா, கண் திறக்காமலே. "இனிமே எவனாவது முனகுனா கட்டுக்குக் காத்துகினு இருக்க மாட்டோம். அதுக்கும் ஒத்துக்கோங்க."

"எல்லாரையும் மாத்திடுவேன்."

வெயில் ஏறியது. மணல் முதுகைச் சுட்டது. பக்கத்தில் யாரோ வந்து படுக்கிற அரவம் கேட்டுக் குப்புராஜ் கண்ணைத் திறந்தான். வெளிச்சத் தகடு பிடிக்கிற வடிவேலு. தகடு பாறைமேல் கிடந்தது.

"நீ ஏன்டா வந்த? உனுக்கும் வேலை போயிடும்."

"அன்னிக்கு நான் நின்னுகினுதான் இருந்தேன், அண்ணா," என்றான் வடிவேலு. "எனக்கும் முனகல் கேட்டுச்சு."